கேபிள் போட மறுத்தவர்கள் சட்டம் போட்ட கதை



இணையம் ஒரு வீட்டுக்குள் எந்த வழியாக வந்து சேருகிறது என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அந்த வழியைப் போட்டது யார்? போட வந்தவர்களைத் தடுத்தது யார்? தடுப்பதற்கு வேண்டிய சட்டத்தை எழுதிக் கொடுத்தது யார்? இந்த மூன்று கேள்விகளோடு உங்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போகிறேன். நியூயார்க்குக்கோ சான்பிரான்சிஸ்கோவுக்கோ போகப் போவதில்லை. சட்டனூகா, வில்சன், பைன்டாப்ஸ் ஆகிய ஊர்களுக்குப் போகிறோம். நம்மில் பலர் காதில் விழாத பெயர்கள். ஆனால் நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஊர்களில்தான் இருக்கிறது.

ஏன் அமெரிக்கா? இணையம் பிறந்த நாடு அது. போட்டி இருந்தால் போதும், சந்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று உலகத்துக்கே எடுத்துச் சொல்லும் நாடு அது. அந்த நாட்டில் ஒரு நகராட்சி தன் மக்களுக்கு இணையக் கேபிள் போடக் கூடாது என்றோ, போட்டாலும் கைகால்களைக் கட்டிக்கொண்டுதான் போடவேண்டும் என்றோ சொல்லும் சட்டங்கள் ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 20 மாநிலங்களில் இருந்தன. அந்தச் சட்டங்களுக்காக ஓடியாடி வேலை செய்தவர்கள் கேபிள் கம்பெனிகளும் தொலைபேசிக் கம்பெனிகளும். தாங்களும் போடமாட்டார்கள், போடுகிறவரையும் விடமாட்டார்கள்.

முதலில் மின்சாரத்தின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1930-களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் தெருவெல்லாம் விளக்கு. கிராமத்துப் பண்ணை வீடுகளில் பத்துக்கு ஒன்றில்தான் மின்சாரம். தனியார் மின் கம்பெனிகளைக் கேட்டபோது, வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, கம்பி இழுக்கிற செலவு கட்டுப்படியாகாது என்றார்கள். சரி, அப்படியானால் அரசு இழுக்கட்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் 1933-இல் டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையத்தையும், 1935-இல் கிராம மின்மயமாக்கல் நிர்வாகத்தையும் தொடங்கினார். கட்டுப்படியாகாது என்று சொன்ன அதே கம்பெனிகள் உடனே என்ன செய்தன? நீதிமன்றத்துக்குப் போயின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1939-இல் தோற்றது. அதே ஆண்டு டென்னஸி எலெக்ட்ரிக் பவர் கம்பெனி தன் சொத்துகளை ஆணையத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. டென்னஸி மாநிலத்தின் சட்டனூகா நகரம் தன் மக்களின் வாக்கைப் பெற்று 1935-இல் அமைத்த மின்வாரியத்துக்கு அதன்பிறகே வழி திறந்தது. இ.பி.பி. என்று மூன்றெழுத்தில் அழைக்கப்படும் அந்த வாரியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சில் ஒரு முக்கியப் பகுதி அதைப் பற்றியதுதான்.

எழுபது ஆண்டுகள் கழித்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இ.பி.பி. தன் மின்பாதைகளை நவீனமாக்க நினைத்தது. புயலில் ஒரு மரம் விழுந்து எங்கோ கம்பி அறுந்தால், அது எந்த இடம் என்று கருவிகளே கண்டுபிடித்து, மின்சாரத்தை வேறு பாதையில் திருப்பிவிட வேண்டும். அதற்கு அந்தக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும். அதற்குக் கண்ணாடியிழை வேண்டும், நாம் ஃபைபர் என்று சொல்கிறோமே, அது. ஒவ்வொரு தெருவுக்கும் ஃபைபர் போகத்தான் போகிறது என்றால், அதே ஃபைபரில் வீடுகளுக்கு இணையத்தையும் கொடுத்தால் என்ன? இவ்வளவுதான் அவர்களுடைய யோசனை.

யோசனை வெளியே வந்ததும் வழக்கும் வந்தது. டென்னஸி கேபிள் சங்கம் வழக்குப் போட்டது. 2008-இல் காம்காஸ்ட் என்ற கேபிள் கம்பெனி வழக்குப் போட்டது. எதுவும் நிற்கவில்லை. நகரம் கடன்பத்திரம் வெளியிட்டது. 2009-இல் மத்திய அரசு மின்பாதையை நவீனமாக்க 11 கோடியே 15 லட்சம் டாலர் மானியம் கொடுத்தது. 2010 செப்டம்பரில் இ.பி.பி. தன் பகுதி முழுவதற்கும், ஏறத்தாழ 600 சதுர மைலுக்கும், விநாடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தை அறிவித்தது. நகரத்து மாடி வீட்டுக்கும் அதே வேகம், மலையோரத்து ஒற்றை வீட்டுக்கும் அதே வேகம். அமெரிக்காவில் எந்த ஊரிலும் அதற்கு முன் இல்லாத ஏற்பாடு. பெயர்பெற்ற கூகுள் ஃபைபர் கன்சாஸ் சிட்டியில் வீடுகளுக்கு வந்ததே 2012-இல்தான். ஒரு நகராட்சி மின்வாரியம் கூகுளுக்கு முன்னால் போய் நின்றது, நண்பர்களே.

பலன் என்ன என்று கேட்பீர்கள். டென்னஸி பல்கலைக்கழகத்தின் சட்டனூகா வளாகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் பென்டோ லோபோ முதல் பத்து ஆண்டுகளைக் கணக்கிட்டு 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நகரத்துக்குக் கிடைத்த பயன் 269 கோடி டாலர், உருவான வேலைகள் ஏறத்தாழ 9,500 என்றார். எனக்கு அந்தக் கணக்கைவிடப் பெரிதாகத் தெரிவது அதே 2020-இல் நடந்த இன்னொன்று. கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது, இ.பி.பி.யும் பள்ளி நிர்வாகமும் கைகோத்தன. பள்ளியில் இலவச உணவோ சலுகை விலை உணவோ பெறத் தகுதியுள்ள ஏறத்தாழ 28,000 பிள்ளைகளின் வீடுகளுக்கு 100 மெகாபிட் இணைப்பை இலவசமாகக் கொடுப்போம் என்று அறிவித்தன. ஓராண்டுக்கு அல்ல, பத்தாண்டுக்கு. கேபிள் மக்களுடையதாக இருந்தால் இப்படி ஒரு முடிவை ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து எடுக்க முடிகிறது.

அப்படியானால் பக்கத்து ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? எங்களுக்கும் இழுத்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கொடுக்க இ.பி.பி.க்கு மனம் இருந்தது, ஆள் இருந்தது, ஃபைபர் இருந்தது. சட்டம் இல்லை. நகராட்சி மின்வாரியம் தான் மின்சாரம் கொடுக்கும் எல்லைக்குள் மட்டுமே இணையம் கொடுக்கலாம் என்று 1999-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் சொன்னது. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் 1 ஜிகாபிட். அந்தப் பக்கம் இணையமே சரியாக வராத வீடுகள். அந்தக் கோட்டைத் தாண்ட அனுமதி கேட்டு மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா வரும்போதெல்லாம் ஏ.டி அண்டு டி, காம்காஸ்ட், சார்ட்டர் ஆகிய கம்பெனிகளின் ஆட்கள் எதிர்த்து நின்றார்கள். மசோதா குழுவிலேயே மடிந்தது.

இங்கே ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ஜானிஸ் பௌலிங். டென்னஸி மேல்சபை உறுப்பினர், குடியரசுக் கட்சிக்காரர். அரசு வியாபாரம் செய்யக் கூடாது என்று சொல்லும் கட்சிதான் அது. ஆனால் அவருடைய ஊரான டல்லஹோமாவிலும் நகராட்சி ஃபைபர் உண்டு. அதன் அருமை அவருக்குத் தெரியும். எல்லையைத் தளர்த்தும் மசோதாவை அவர் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். ஆகவே இது இடதுசாரி, வலதுசாரிச் சண்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2017-இல் டென்னஸி வேறொரு சட்டம் இயற்றியது. ஊரக இணையத்துக்கு மூன்று ஆண்டுகளில் மானியமாகவும் வரிச்சலுகையாகவும் 4 கோடியே 50 லட்சம் டாலர். மின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கதவு திறந்தார்கள், நல்லது. இ.பி.பி. போன்ற நகராட்சி மின்வாரியங்களுக்கு மட்டும் திறக்கவில்லை. எல்லைக்கு வெளியே வரிப்பணமே கேட்காமல் கேபிள் போட வந்தவரை நிறுத்திவிட்டு, வரிப்பணம் கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். இதற்கு என்ன நியாயம் சொல்வது?

சரி, வட கரோலினாவுக்கு வாருங்கள். வில்சன் என்று ஓர் ஊர். ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். ஒரு காலத்தில் உலகின் பெரிய புகையிலைச் சந்தை என்று பெயர் வாங்கிய ஊர். புகையிலை போனதும் பிழைப்புக்கு வேறு வழி தேடவேண்டியிருந்தது. நல்ல இணையம் இருந்தால் தொழில் வரும் என்று நகர மன்றம் கணக்குப் போட்டது. அங்கே கடை விரித்திருந்த கம்பெனிகளிடம்தான் முதலில் போய்க் கேட்டார்கள். நீங்கள் போடுங்கள், நாங்கள் துணை நிற்கிறோம் என்றார்கள். கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. 2006-இல் நகர மன்றம் ஒருமனதாக முடிவெடுத்தது. 2008-இல் கிரீன்லைட் என்ற பெயரில் ஊருக்குச் சொந்தமான ஃபைபர் வந்தது.

உடனே கம்பெனிகளுக்கு வில்சனைப் பற்றிய அக்கறை பிறந்தது. கேபிள் போடும் அக்கறை அல்ல. மாநிலச் சட்டமன்றத்தில் 2007-இல் முயன்றார்கள், நடக்கவில்லை. 2009-இல் முயன்றார்கள், நடக்கவில்லை. 2010-இல் முயன்றார்கள், அப்போதும் நடக்கவில்லை. 2011-இல் நடந்தது. எச்.பி. 129 என்ற சட்டம். ஆளுநர் பெவ் பெர்டியூ கையெழுத்தும் போடவில்லை, மறுக்கவும் இல்லை; கையெழுத்தில்லாமலே சட்டமாகட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்தச் சட்டம் நேராகத் தடை என்று சொல்லாது. நகராட்சிக்கும் கம்பெனிக்கும் சமமான ஆடுகளம் வேண்டும் என்று சொல்லும். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! உள்ளே போய்ப் பாருங்கள். நகராட்சி தன் எல்லையைத் தாண்டக் கூடாது. கடன் வாங்குமுன் மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். ஒரு தனியார் கம்பெனிக்கு என்னென்ன செலவு ஆகியிருக்குமோ, தனக்கு ஆகாத அந்தச் செலவையும் கற்பனையாகச் சேர்த்துத்தான் விலை வைக்க வேண்டும். இதில் ஒன்றாவது அங்கே கடை விரித்திருந்த டைம் வார்னர் கேபிள் கம்பெனிக்கு இருந்ததா? அவர்கள் கடன் வாங்க ஊரைக் கூட்டி வாக்குக் கேட்டார்களா? அவர்களுக்கு எல்லைக்கோடு யாராவது கிழித்தார்களா? வில்சன் ஏற்கெனவே தொடங்கிவிட்டதால் ஒரு விலக்குக் கிடைத்தது. ஆனால் தன் கவுண்டியை, அதாவது மாவட்டத்தை, விட்டு ஓர் அடி வெளியே வைத்தால் அந்த விலக்கே போய்விடும்.

அந்த ஓர் அடியில்தான் பைன்டாப்ஸ் இருக்கிறது. பக்கத்துக் கவுண்டியில், ஏறத்தாழ 1,300 பேர் வாழும் சிற்றூர். கிரீன்லைட் பக்கத்திலேயே இருக்கிறது, வரமுடியாது. 2014-இல் வில்சனும் சட்டனூகாவும் மத்திய தகவல்தொடர்பு ஆணையத்திடம், அதாவது எஃப்.சி.சி.யிடம் மனுக் கொடுத்தன. அப்போது எஃப்.சி.சி.யின் தலைவர் டாம் வீலர். அவர் யார் தெரியுமா? கேபிள் கம்பெனிகளின் சங்கத்துக்கும், பிறகு செல்பேசிக் கம்பெனிகளின் சங்கத்துக்கும் தலைமை தாங்கியவர். அவரிடம் போய் நியாயம் கிடைக்குமா என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். 2015 பிப்ரவரி 26-ஆம் தேதி, மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில், அந்த இரண்டு மாநிலச் சட்டங்களின் தடைகளையும் ஆணையம் ஒதுக்கித் தள்ளியது. வீலர் நகராட்சிகளின் பக்கம் வாக்களித்தார். ஒரு மனிதர் எங்கிருந்து வந்தார் என்பதை மட்டும் வைத்து அவரை அளக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2016-இல் கிரீன்லைட் பைன்டாப்ஸுக்குள் நுழைந்தது. அந்தச் சிற்றூருக்கு 1 ஜிகாபிட் கிடைத்தது. கடைக்காரருக்குக் கிடைத்தது, பள்ளிப் பிள்ளைக்குக் கிடைத்தது, வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்குக் கிடைத்தது. எத்தனை நாள்? டென்னஸியும் வட கரோலினாவும் எஃப்.சி.சி.க்கு எதிராக வழக்குப் போட்டிருந்தன. மாநிலங்களே தங்கள் நகரங்களுக்கு எதிராக நின்றன. 2016 ஆகஸ்ட் 10-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்.சி.சி.யின் உத்தரவை ரத்து செய்தது. நகராட்சி ஃபைபர் கெட்டது என்று நீதிபதிகள் சொல்லவில்லை. ஒரு மாநிலத்துக்கும் அதன் நகராட்சிக்கும் நடுவில் புகுந்து அதிகாரத்தைப் பங்கிட எஃப்.சி.சி.க்கு உரிமை இல்லை என்றார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பைன்டாப்ஸ் வீட்டில் விளக்குப் போல எரிந்துகொண்டிருந்த இணையம்?

செப்டம்பரில் வில்சன் நகர மன்றம் இணைப்பைத் துண்டிக்க முடிவெடுத்தது. துண்டிக்காவிட்டால் சொந்த ஊரின் கிரீன்லைட்டே ஆபத்தில் சிக்கும். மனமில்லாமல் எடுத்த முடிவு. அடுத்த மாதம் அதே மன்றம் மறுபடி கூடி ஒரு வழி கண்டது. காசு வாங்கி விற்றால்தானே வியாபாரம்? ஆறு மாதத்துக்கு பைன்டாப்ஸுக்கு இணையம் இலவசம் என்று அறிவித்தது. அண்டை ஊருக்காகத் தன் கையிலிருந்து கொடுத்த அந்த நகர மன்றத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 2017-இல் சட்டமன்றம் ஓர் இடைக்கால ஏற்பாடு செய்தது: வேறு கம்பெனி வந்து ஃபைபர் போடும்வரை கிரீன்லைட் இருக்கலாம், அது வந்ததும் வெளியேற வேண்டும். ஃபைபரோடு யாரும் எட்டிப் பார்க்காத ஊர், நகராட்சி வந்த பிறகு தனியாருக்கு லாபமான ஊராகிவிட்டது. சடன்லிங்க் என்ற தனியார் கம்பெனி வந்து ஃபைபர் போட்டது. கிரீன்லைட் போக வேண்டியதாயிற்று. போட்டி நல்லது என்றவர்கள், இரண்டு பேர் இருந்து போட்டி போடட்டும் என்று ஏன் விடவில்லை?

இந்தச் சட்டங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டேன் அல்லவா? ஒரு மாநிலத்துச் சட்டத்தையும் இன்னொரு மாநிலத்துச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி முகம் தெரியும். ஏலெக் என்று ஓர் அமைப்பு. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் கம்பெனிகளின் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து மாதிரி மசோதாக்கள் தயாரிக்கும் இடம். நகராட்சிகள் தொலைத்தொடர்பில் இறங்குவதைக் கட்டுப்படுத்தும் மாதிரி மசோதா ஒன்று 2002-இல் அங்கே உருவானது. ஏ.டி அண்டு டி, வெரைசன், காம்காஸ்ட் எல்லாம் அந்த அமைப்பில் உறுப்பினர்களாக இருந்தவை. உறுப்பினர் ஊருக்குத் திரும்பி, தானே எழுதியதுபோல மசோதாவை அவையில் வைக்கலாம். வாக்களித்த மக்களுக்கு அதன் தாய்வீடு தெரியாது. ரகசியமாக லஞ்சம் கொடுப்பதைப் பற்றி நான் பேசவில்லை. இதெல்லாம் சட்டத்துக்கு உட்பட்டே நடக்கிறது. அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

மக்கள் முன்னால் நேரடியாக விஷயம் வந்தபோது என்ன நடந்தது? லூசியானாவின் லஃபயெட் நகரில் 2005 ஜூலையில் வாக்கெடுப்பு. பெல்சவுத், காக்ஸ் ஆகிய கம்பெனிகள் எதிர்ப்பு. 62 சதவீதம் பேர் ஊருக்கு ஃபைபர் வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகும் வழக்கு. 2007-இல் மாநில உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

கொலராடோவின் லாங்மான்டில் 2009-இல் இதே போன்ற வாக்கெடுப்பில் கம்பெனிகள் பக்கம் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது, நகரம் தோற்றது. 2011-இல் நான்கு லட்சத்துக்கு மேல் செலவழித்தது, இந்த முறை நகரம் ஜெயித்தது. ஏன்? முதல்முறை வந்த விளம்பரங்களை ஊர் மறக்கவில்லை. அதே மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ், 2017. எதிர்த்தரப்பு ஏறத்தாழ 9 லட்சம் டாலர் இறக்கியது. ஆதரித்த குடிமக்கள் குழு திரட்டியது சுமார் 15,000 டாலர். வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். 57 சதவீதம் வாக்கு ஊருக்கு விழுந்தது. அதனால்தான் கம்பெனிகள் ஊரைவிட மாநிலத் தலைநகரை விரும்புகின்றன. ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளின் கதவைத் தட்ட வேண்டும். தலைநகரில் சில டஜன் கதவு போதும்.

அரசு மானியத்தின் கதையைச் சொல்லாமல் போகக் கூடாது. 2015 ஜனவரியில் எஃப்.சி.சி. ஒரு வரையறை சொன்னது: இறங்குவேகம் 25 மெகாபிட், ஏறுவேகம் 3 மெகாபிட் இருந்தால்தான் அது பிராட்பேண்ட். அதே ஆண்டு ஆகஸ்டில் பெரிய தொலைபேசிக் கம்பெனிகள் ஊரக இணைப்புக்காக ஆண்டுக்கு 150 கோடி டாலர் வீதம் ஆறு ஆண்டுகளுக்கு மானியத்தை ஏற்றுக்கொண்டன. எந்த வேகம் கொடுக்க? 10 மெகாபிட், 1 மெகாபிட். அரசே பிராட்பேண்ட் இல்லை என்று சொன்ன வேகத்துக்கு அரசே 900 கோடி டாலர்! அந்தக் கம்பெனிகளில் செஞ்சுரிலிங்குக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி. அந்தக் காலத்து வரைபடத்தையும் பாருங்கள். ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டாரத்தில் ஒரே ஒரு வீட்டுக்குக் கொடுக்க முடியும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் போதும், வட்டாரம் முழுவதும் இணைப்புப் பெற்றதாகக் கணக்கு. கிராமத்து வட்டாரங்கள் மைல் கணக்கில் விரிந்தவை.

மறுதரப்பையும் சொல்ல வேண்டும். நகராட்சி இறங்கினால் எல்லாம் பொன்னாகும் என்று நான் சொல்லவில்லை. யூட்டாவின் ப்ரோவோ நகரம் ஏறத்தாழ 3 கோடியே 90 லட்சம் டாலர் செலவில் கட்டிய ஃபைபர் வலையை 2013-இல் கூகுளுக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது. கடன் மக்கள் தலையில் நின்றது. இது கற்பனை இல்லை, உண்மை. ஆனால் இந்த உதாரணத்தைக் காட்டுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். நகரங்கள் நேரடியாக வீடுகளுக்கு விற்பதை ஒடுக்கி, மொத்த விற்பனைக்குத் தள்ளும் சட்டத்தை யூட்டா 2001-இலேயே போட்டுவிட்டது. ப்ரோவோவால் தன் வாடிக்கையாளரைத் தானே தேட முடியவில்லை. ஓடுகிறவன் காலில் கல்லைக் கட்டிவிட்டு, பார், இவனுக்கு ஓடத் தெரியாது என்றால்? தோல்வி வரக்கூடும் என்பதற்காக ஓர் ஊரின் முடிவை ஊரே எடுக்கக் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தவறினால் அடுத்த தேர்தலில் அந்த நகர மன்றத்தை மக்கள் வீட்டுக்கு அனுப்புவார்கள். கேபிள் கம்பெனியை யார் வீட்டுக்கு அனுப்புவது?

2021-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இணையக் கட்டமைப்புக்கு 4,245 கோடி டாலர் ஒதுக்கியது. கூட்டுறவுகளையும் உள்ளாட்சிகளையும் ஒதுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். மாநிலங்களின் பழைய தடைச் சட்டங்களை மட்டும் தொடவில்லை. 2025 ஜூனில் மத்திய அரசு விதிகளை மாற்றி, ஃபைபருக்கு இருந்த முன்னுரிமையை எடுத்துவிட்டது. செயற்கைக்கோள் கம்பெனிகளும் அந்தப் பணத்துக்குச் சமமாகப் போட்டியிடலாம். விதி மாறும்போது யார் பக்கம் காற்று திரும்புகிறது என்று பாருங்கள்.

மறுபக்கமும் அசைகிறது. 2018-இல் ஏ.டி அண்டு டியும் வெரைசனும் ஏலெக்கை விட்டு விலகின. 2021-இல் வாஷிங்டன் மாநிலமும் ஆர்கன்சாவும் தங்கள் தடைகளைத் தளர்த்தின. கொலராடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களும் கவுண்டிகளும் ஒவ்வொன்றாக வாக்கெடுப்பு நடத்தி, வாக்கெடுப்பு இல்லாமல் இணையத்தில் இறங்கக் கூடாது என்ற 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தங்களை விடுவித்துக்கொண்டன. 2023-இல் மாநிலமே அந்த வாக்கெடுப்பு நிபந்தனையை நீக்கியது. 2024-இல் மினசோட்டா தன் தடையை எடுத்தது. டென்னஸியிலும் வட கரோலினாவிலும் அது இன்னும் நடக்கவில்லை.